காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இரவு இரயில் பயணம்: முதியவர்களுக்கு எந்த வகுப்பு ஏற்றது?

கோட்டையூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதம் எங்கள் அப்பத்தாவையும் அப்பச்சியையும் (எங்கள் ஊர் வழக்கில் தந்தை) சென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அப்பத்தாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் இருப்பதால் தாழ்வான இடத்தில் உட்கார்ந்தால் ஒருவர் கைகொடுத்துத்தான் தூக்கிவிட வேண்டும். அப்பச்சிக்கு அறுபத்து மூன்று வயது. சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவார். உடன் நானும் எட்டு வயது மகனும் வருகிறோம். மருத்துவரைக் காட்டிய பிறகு ஒரு திருமணத்திலும் கலந்துகொள்வதால் பலகாரத் தூக்குகளும் பெட்டிகளும் சேர்ந்துவிடும்.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஓர் இரவுக்கு ஸ்லீப்பரே போதும் என்கிறார் பெரியப்பச்சி. மூன்றடுக்கு ஏசிக்குக் குறைந்து பெரியவர்களை அழைத்துப் போகக் கூடாது என்கிறார் என் தம்பி. இரண்டடுக்கு ஏசிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு உண்மையிலேயே பயன் உண்டா என்பதை முதியவர்களோடு பயணம் செய்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பள்ளத்தூரார்

கோட்டையூர் ஆச்சிக்கு வணக்கம். வகுப்பைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்பு, எந்த வண்டியில் ஏறப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஊரைப் பொறுத்தவரை வகுப்பைத் தீர்மானிப்பதே அதுதான்.

ராமேசுவரத்திலிருந்து வரும் ராமேசுவரம் எக்ஸ்பிரஸ், அதாவது இன்றும் நம் பெரியவர்கள் போட் மெயில் என்று சொல்கிற வண்டி, இரவுச் சாப்பாட்டு வேளையில் காரைக்குடிக்கு வருகிறது. திருச்சிக்குப் பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. சேது எக்ஸ்பிரஸ் நள்ளிரவை ஒட்டி வந்து, அரியலூர், விருத்தாசலம் வழியாக நேராகப் போகிறது. செங்கோட்டையிலிருந்து வரும் சிலம்பு எக்ஸ்பிரஸும் உண்டு. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது தொடங்கிய தாம்பரம் வண்டி பட்டுக்கோட்டை, திருவாரூர் வழியாகச் செல்கிறது. நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் முன்பதிவு செய்யும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை நடுப் படுக்கைக்காரர் தம் படுக்கையை விரித்துக்கொள்ளும் உரிமை உடையவர். நடுப் படுக்கை விரிந்துவிட்டால் கீழ்ப் படுக்கையில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. கழுத்தை முன்னால் வளைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இளவயதினர் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். முழங்கால் மடங்காத ஒருவர் படுத்த நிலையிலிருந்து எழும்போது, முதலில் காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி, உடம்பை நிமிர்த்தி, பிறகுதான் எழுந்து நிற்கிறார். அப்படி நிமிர்த்தும் அந்த நொடியில் தலைக்கு மேல் இடமில்லாமல் போனால் எழுவதற்கே இன்னொருவர் துணை தேவைப்படும். நள்ளிரவில் ஏறுகிற வண்டியில், நீங்கள் உள்ளே போகும்போதே விளக்குகள் அணைந்து, நடுப் படுக்கைகள் எல்லாம் விரிந்திருக்கும். அப்பத்தாவை இருட்டில் குனியவைத்துப் படுக்கவைப்பது எளிதன்று.

இரண்டடுக்கு ஏசியில் நடுப் படுக்கை என்பதே கிடையாது. கீழ்ப் படுக்கைக்காரர் எந்நேரமும் நிமிர்ந்து உட்காரலாம். உங்கள் வீட்டு நிலைமைக்கு அந்த ஒரு காரணமே போதும். குளிர்ச்சியும் போர்வையும் அதற்கு அடுத்தவைதான்.

கண்டனூர்க்காரர்

பள்ளத்தூரார் சொன்ன இடவசதிக் காரணத்தை ஏற்கிறேன். ஆனால் ஸ்லீப்பரை இவ்வளவு விரைவாகத் தள்ளிவிடுவது சரியன்று என்பதற்காக எழுதுகிறேன். காரைக்குடியிலிருந்து எழும்பூர் நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தத் தொலைவுக்கு மூன்றடுக்கு ஏசிக் கட்டணம் ஸ்லீப்பரைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இரண்டடுக்கு அதைவிடவும் கூடுதல். ஸ்லீப்பருக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஏசி வகுப்புகளுக்கு ஐந்து விழுக்காடு உண்டு. நான்கு பேர் போய்வரும் கணக்கைப் போட்டால், மிச்சமாகும் தொகையில் எழும்பூரில் இறங்கியதும் நல்ல வாடகைக் கார் வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கவும் செய்யலாம்.

மேலும், தை மாதத்து இரவில் ஸ்லீப்பரில் வெக்கையே இருக்காது. என் தாயாருக்கு ஏசிக் காற்று ஒத்துக்கொள்வதில்லை. மூட்டுகள் இறுகிப் போவதாகச் சொல்வார். சன்னலைப் பாதி இறக்கிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன கம்பளியைப் போர்த்திக்கொண்டால் அவர் விடியும்வரை உறங்குவார். ஏசிப் பெட்டியில் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ நம் கையில் எதுவும் இல்லை. உதவியாளரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும், அவர் குறைத்தால் அடுத்த படுக்கைக்காரர் புழுங்குகிறது என்பார். பெரியவர்களை அழைத்துச் செல்கிறோம் என்றாலே ஏசிதான் என்று முடிவுகட்டுவது பொருத்தமில்லை என்பது என் உறுதியான கருத்து.

தேவகோட்டை ஆச்சி

கண்டனூர் அண்ணன் சொல்லும் குளிர் உண்மையான சிக்கல்தான். ஆனால் கூரையிலிருந்து இறங்கும் காற்று மேல் படுக்கையில்தான் நேராகப் படும். கீழே அவ்வளவு உறைப்பதில்லை. இரயில்வே தரும் கம்பளிக்குள் வீட்டுப் பருத்திப் போர்வை ஒன்றையும் சேர்த்துவிட்டால், காலுக்கு உறையும் மாட்டிவிட்டால், என் மாமியார் தொல்லையின்றித் தூங்குகிறார். ஏசி வகுப்புகளில் இரண்டு விரிப்பு, தலையணை, கம்பளி, சிறு துண்டு எல்லாம் கட்டணத்திலேயே அடங்கும் என்பதால் நாம் சுமப்பதும் குறைகிறது.

நான் சொல்ல வருவது வேறொன்று. இரண்டடுக்கு ஏசி என்று டிக்கெட் எடுத்துவிட்டு மேல் படுக்கை கிடைத்தால் என்ன செய்வீர்கள்? அந்த மேல் படுக்கைக்கு ஏற வேண்டிய இரும்புப் படிகள் குறுகலானவை. பாதத்தின் முன்பகுதி மட்டுமே பதியும். என் மாமியாரால் முதல் படியிலேயே காலை வைக்க முடியாது. எனவே வகுப்பை மட்டும் பேசாமல் படுக்கையைப் பேசுங்கள். மூன்றடுக்கில் உறுதியான கீழ்ப் படுக்கை கிடைக்குமானால், இரண்டடுக்கில் எங்கே வரும் என்று தெரியாத படுக்கையைவிட அதையே நான் எடுப்பேன்.

பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை கிடைத்தாலும் கீழ்ப் படுக்கைதானே என்று நினைத்துவிடாதீர்கள். அது உள்பக்கத்துப் படுக்கையைவிட நீளம் குறைந்தது. இரண்டு இருக்கைகளின் சாய்மானங்களை மடக்கிச் சேர்த்து உண்டாக்குவதால் இடுப்பு படும் இடத்தில் இணைப்பு வருகிறது. நடப்பவர்களின் பைகளும் தோளில் உரசிக்கொண்டே போகும். இரண்டடுக்கில் அதற்கும் திரை உண்டு. மூன்றடுக்கில் திரைகளை எடுத்து ஆண்டுகள் ஆகின்றன. திருச்சியில் ஏறுகிறவர் விளக்கைப் போட்டால் எல்லாரும் விழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோட்டையூர் மகள்

மிக்க நன்றி. இப்போதுதான் எதைக் கேட்க வேண்டும் என்பதே எனக்கு விளங்குகிறது. கீழ்ப் படுக்கையை உறுதி செய்துகொள்ள வழி உண்டா? நால்வரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் முதியவர்களுக்குத் தானாகக் கீழ்ப் படுக்கை ஒதுக்குவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பள்ளத்தூரார்

அதை நம்பி இருந்துவிடாதீர்கள். கணினி வயதைப் பார்த்துக் கீழ்ப் படுக்கை தர முயலும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் காலியாக இருந்தால் மட்டுமே தரும். அதற்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. அறுபது வயது நிறைந்த ஆண்களுக்கும், நாற்பத்தைந்து வயது நிறைந்த பெண்களுக்கும், கருவுற்ற பெண்களுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ்ப் படுக்கைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்: ஸ்லீப்பரில் ஆறேழு, மூன்றடுக்கில் நான்கைந்து, இரண்டடுக்கில் மூன்று நான்கு என்ற அளவில். ஐஆர்சிடிசி தளத்தில் ஒதுக்கீட்டைத் தேர்வு செய்யும் இடத்தில் 'பொது' என்பதை மாற்றி, மூத்த குடிமக்களுக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டை நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டில் இருவருக்கு மேல் சேர்க்க இயலாது. இருவரும் தகுதி உடையவர்களாகவும் இருக்க வேண்டும். உங்களையும் பிள்ளையையும் அதே டிக்கெட்டில் சேர்த்த உடனே அந்த வழி அடைபட்டுவிடும்.

ஆகவே அப்பத்தாவுக்கும் தந்தையாருக்கும் ஒரு டிக்கெட், உங்களுக்கும் பிள்ளைக்கும் பொது ஒதுக்கீட்டில் இன்னொரு டிக்கெட் என்று பிரித்து எடுங்கள். முதலில் பெரியவர்களுடையதை எடுத்து, எந்தப் பெட்டி வந்திருக்கிறது என்று பார்த்து, இரண்டாவது டிக்கெட்டில் விரும்பும் பெட்டி என்ற இடத்தில் அதே பெட்டி எண்ணைக் குறிப்பிடுங்கள். நம் வண்டிகளில் இரண்டடுக்குப் பெட்டிகள் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் ஒரே பெட்டியில் அமைந்துவிடும். வழங்கப்பட்ட எண்களைச் சரிபார்க்க ஒரு குறிப்பு: இரண்டடுக்கில் ஆறு படுக்கைகளுக்கு ஒரு பகுதி, 1, 3 கீழே, 2, 4 மேலே, 5 பக்கவாட்டுக் கீழ், 6 பக்கவாட்டு மேல். அதே வரிசை 7 முதல் திரும்பவும் தொடரும். மூன்றடுக்கிலும் ஸ்லீப்பரிலும் எட்டுக்கு ஒரு பகுதி. 1, 4 கீழ், 7 பக்கவாட்டுக் கீழ்.

இன்னொரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டிக்கெட் எடுக்கும்போது, இடம் இருந்தால் மேல் வகுப்புக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று ஒரு கேள்வி வரும். இலவசமாக உயர்ந்த வகுப்பு கிடைக்கிறதே என்று அதற்குச் சம்மதித்துவிடாதீர்கள். மாற்றிக் கொடுக்கும் இடத்தில் கீழ்ப் படுக்கை கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. நீங்கள் பாடுபட்டுப் பெற்ற கீழ்ப் படுக்கை போய், மேல் வகுப்பின் மேல் படுக்கை கைக்கு வந்து சேரலாம்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கிறது; 2024 அக்டோபர் இறுதி வரை 120 நாள்களாக இருந்தது. பொங்கலை ஒட்டிய நாள்களில் இந்த ஒதுக்கீடும் சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். திருமண நாள் தெரிந்துவிட்டதால் நாள்காட்டியில் எண்ணிக் குறித்து வையுங்கள். தட்கலை நம்பிப் பெரியவர்களை அழைத்துச் செல்லத் திட்டமிட வேண்டாம். அந்த ஒதுக்கீட்டில் கீழ்ப் படுக்கைக்குத் தனி முன்னுரிமை இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறுவதற்கும் இப்போது அனுமதியில்லை.

புதுவயல் மாணவர்

மூன்றடுக்கு எகானமி என்று 2021 முதல் ஒரு வகுப்பு சில வண்டிகளில் ஓடுகிறது. கட்டணம் மூன்றடுக்கு ஏசியைவிடச் சற்றுக் குறைவு. என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் எல்எச்பி எனும் புதிய வடிவமைப்பிலான சாதாரண மூன்றடுக்குப் பெட்டியில் 72 படுக்கைகள் என்றால், இந்தப் பெட்டியை 83 படுக்கைகளோடு வடிவமைத்தார்கள்; எதிரெதிர்ப் படுக்கைகளுக்கு இடையிலான வெளி குறைந்துதான் அந்த எண்ணிக்கை வந்தது. முழங்காலை நீட்டி வைக்க வேண்டியவருக்கு அது பொருந்தாது. கட்டண வேறுபாட்டைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம்.

காரைக்குடி செவிலியர்

தந்தையாரைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். சர்க்கரை உள்ளவர்கள் பயணத்தன்று கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், சாப்பாட்டையும் தள்ளிப் போடுகிறார்கள். இரண்டும் தவறு. மாத்திரை போட்டுக்கொண்டு உரிய நேரத்தில் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடும். ஓடும் வண்டியில், இருட்டில், தூக்கத்தில் அது நேர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. போட் மெயிலில் போவதாக இருந்தால் வீட்டிலேயே வழக்கமான நேரத்தில் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவது நல்லது. வண்டியில்தான் சாப்பிடுவது என்றால் இட்லியும் பொடியும் போதும். மருந்துப் பை எப்போதும் தலைமாட்டில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால் தேவையான நேரத்தில் எடுக்க முடியாது. இனிப்பு மிட்டாய் இரண்டைச் சட்டைப் பையிலேயே போட்டு வையுங்கள்.

இரவில் பலமுறை எழுபவருக்கு, பெட்டியின் முனையை ஒட்டிய படுக்கை நல்லதா, நடுப்பகுதி நல்லதா என்று கேட்பார்கள். முனையில் இருந்தால் கழிப்பறை அருகில். ஆனால் சக்கரங்கள் அங்கேதான் இருப்பதால் அதிர்வும், கதவு திறந்து மூடும் ஓசையும் மிகுதி. நான் நடுவுக்கும் முனைக்கும் இடைப்பட்ட பகுதியையே விரும்புவேன். உட்காரும் வகைக் கழிப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஏறியவுடன் பார்த்து இருவருக்கும் காட்டிவிடுங்கள். அப்பத்தாவால் மற்ற வகையைப் பயன்படுத்த முடியாது. வண்டி நிலையத்தில் நிற்கும்போதோ வேகம் தணிந்திருக்கும்போதோ அழைத்துச் செல்வது பாதுகாப்பு; வளைவில் குலுங்கும்போது முதியவர்கள் விழுவது அந்த இடைவழியில்தான்.

கண்டனூர்க்காரர்

செவிலியர் அம்மா சொன்னவை எல்லாம் எந்த வகுப்புக்கும் பொருந்தும், நன்றி. இரண்டு டிக்கெட்டாகப் பிரிக்கும் யோசனையைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. நால்வரும் ஒரே வகுப்பில்தான் போக வேண்டும் என்று இல்லையே? பெரியவர்கள் இருவரும் இரண்டடுக்கிலும், கோட்டையூர் ஆச்சியும் பிள்ளையும் ஸ்லீப்பரிலும் போனால் செலவு கணிசமாக இறங்கிவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம்தான். படுக்கை கேட்டால்தான் முழுக் கட்டணம் என்று 2016 முதல் நடைமுறை இருக்கிறது.

தேவகோட்டை ஆச்சி

அண்ணன் செலவை நினைத்துச் சொல்கிறார், ஆனால் இதை நான் கடுமையாக மறுக்கிறேன். இரவு ஒரு மணிக்கு அப்பத்தா எழுந்திருக்கக் கைகொடுக்க வேண்டியவர் யார்? ஸ்லீப்பர் டிக்கெட்டோடு ஏசிப் பெட்டியில் வந்து உட்கார டிடிஆர் விடமாட்டார், விடாதிருப்பதும் முறைதான். தூங்கும் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ஆச்சி பெட்டிக்குப் பெட்டி நடக்கவும் முடியாது. துணைக்குப் போகிறவர் துணையாக இருக்க முடியாத இடத்தில் படுத்திருந்தால் அந்தத் துணைக்குப் பொருளே இல்லை. எதிர்ப் படுக்கையில் இல்லாவிட்டாலும் குரல் கேட்கும் தொலைவில் இருக்க வேண்டும். பணத்தைக் குறைக்க வேண்டுமானால், பிள்ளைக்கு அரைக் கட்டணம் எடுத்து ஒரே படுக்கையில் தாயும் மகனுமாகப் படுத்துக்கொள்ளலாம். அல்லது நால்வருமே மூன்றடுக்குக்குப் போகலாம்.

திரும்பி வரும் பயணத்தையும் இப்போதே நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து மாலையிலும் முன்னிரவிலும் புறப்படும் இந்த வண்டிகள் எல்லாமே காரைக்குடிக்கு நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் இடையில் வந்து சேர்கின்றன. நம் ஊர் கடைசி நிறுத்தம் அன்று. சில நிமிடங்களே நிற்கும். அந்த நேரத்தில் இரு பெரியவர்களையும், உறங்கும் பிள்ளையையும், சீர்ச் சாமான்களையும் இறக்க வேண்டும். மூன்றடுக்கில், மேலே நடுப் படுக்கைக்காரர் உறங்கிக்கொண்டிருக்க, கீழே குனிந்தபடி அப்பத்தாவுக்குச் செருப்பு மாட்டி, படுக்கைக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுக்க வேண்டும். நான் இதைச் செய்திருக்கிறேன். புதுக்கோட்டை தாண்டியதும் தொடங்கினாலும் நேரம் போதாமல் தவிப்பாகத்தான் இருக்கும். போகும்போது மூன்றடுக்கு, வரும்போது இரண்டடுக்கு என்று எடுத்தாலும் தவறில்லை என்பேன்.

பள்ளத்தூரார்

தேவகோட்டை ஆச்சி சொன்ன திரும்பும் பயணக் கருத்து மிகச் சரியானது. நான் எழுதியிருக்க வேண்டியது. 139 எண்ணில் அழைத்துப் பதிந்துவைத்தால் இறங்கும் நிலையத்துக்கு முன்பே தொலைபேசியில் எழுப்பும் வசதி இருக்கிறது. அதோடு உங்கள் கைப்பேசியிலும் மணி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி தாமதமாக ஓடினால் மணி முன்பே அடிக்கும், அதனால் ஒரு கேடும் இல்லை.

முதல் வகுப்பு ஏசியைப் பற்றி யாரேனும் யோசனை சொன்னால், அது எல்லா வண்டியிலும் இருப்பதில்லை என்பதோடு, முன்பதிவின்போது படுக்கை எண்ணே தரமாட்டார்கள். இருவர் அறையா நால்வர் அறையா என்பது வண்டி புறப்படும் முன் பயணிகள் பட்டியல் தயாரிக்கும்போதுதான் தெரியும். நால்வராக ஒரே டிக்கெட்டில் எடுத்தால் நால்வர் அறை முழுதும் கிடைக்க வாய்ப்பு உண்டு. கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். ஆனால் கட்டணம் இரண்டடுக்கைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதால் இந்தக் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்கவில்லை.

கோட்டையூர் மகள்

அண்ணன்மார்களுக்கும் ஆச்சிக்கும் செவிலியர் அம்மாவுக்கும் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு அனைவரும் எழுதியதை வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். குனிந்து எழுவதைப் பற்றிய பகுதியைக் கேட்டதும் அப்பத்தாவே, பத்து மணிக்கு மேல் நிமிர்ந்து உட்கார முடியாத இடம் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போகும்போது போட் மெயிலில், வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறுவதாக முடிவு செய்திருக்கிறோம். போக வர இருவழியிலும் இரண்டடுக்கு ஏசிதான். பெரியவர்கள் இருவருக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட், எனக்கும் மகனுக்கும் அதே பெட்டியைக் கேட்டு இன்னொன்று. மகனுக்கு அரைக் கட்டணம். இரண்டடுக்கில் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு தீர்ந்திருந்தால் பயண நாளை ஒரு நாள் முன்னதாக மாற்றிக்கொள்வோம், மேல் படுக்கையை ஏற்க மாட்டோம். திருமணப் பலகாரங்களைத் தூக்குகளில் கொண்டுபோகாமல் இங்கிருந்தே பார்சலில் அனுப்பிவிடலாம் என்று பெரியப்பச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார்; ஆகவே இறக்கவேண்டிய பெட்டிகள் இரண்டுதான்.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. காரைக்குடி நிலையத்தில் இரண்டடுக்குப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? அப்பத்தாவை நடைமேடையில் அங்கும் இங்கும் நடக்கவைக்க முடியாது.

காரைக்குடி செவிலியர்

வண்டி வருவதற்கு அரை மணி நேரம் முன்பே போய், நிலையத்தில் விசாரித்தால் பெட்டி நிற்கும் இடத்தைச் சொல்வார்கள். பெட்டிகளின் வரிசையைக் காட்டும் செயலிகளும் உள்ளன. அந்த இடத்துக்கு அருகில் இருக்கும் பெஞ்சில் அப்பத்தாவை உட்காரவைத்துவிடுங்கள். ஏறும்போது தந்தையார் முதலில் ஏறி உள்ளேயிருந்து கைபிடிக்க, நீங்கள் பின்னால் நின்று தாங்குங்கள். பிள்ளையும் பெட்டிகளும் கடைசியில் ஏறட்டும். எழும்பூரில் இறங்கியதும் வாசல்வரை நடக்கவைக்காமல் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.